ஏல விளம்பரம் வருவதற்கு முன்பே மதுரைக்குப் போங்கள்

பட்டாசுத் தொழிலில் வேலை ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. வீட்டுக்கடன் தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்து நிற்கிறது. 2018 அக்டோபரில் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் உச்ச நீதிமன்றம் தடை போட்டதும் சிவகாசி ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அப்படி ஒரு காலத்தில் தவணை 90 நாளுக்கு மேல் நின்றுவிட்டால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அடுத்து 60 நாள் கெடுவோடு நோட்டீஸ் வரும்.

2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம், கோர்ட் படி ஏறாமலே வீட்டை விற்க வங்கிக்கு வழி விட்டிருக்கிறது. இந்த முதல் நோட்டீஸை எதிர்த்து வழக்குப் போட முடியாது, பதில் எழுதலாம். கட்டிய பணம் வரவில் ஏறவில்லை, வட்டிக் கணக்கு தப்பு என்று எது இருந்தாலும் எழுதிக் கொடுத்து, நகலில் வங்கி முத்திரை வாங்கிவிடுங்கள். வங்கி 15 நாளுக்குள் காரணம் சொல்லிப் பதில் தர வேண்டும். இது கட்டாயம் என்று புளூ கோஸ்ட் ஓட்டல் வழக்கில் (2018) உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதே வழக்கில், கட்டுகிறேன் கட்டுகிறேன் என்று கடன்காரர் இழுத்தடித்ததைப் பார்த்து, அவருக்குச் சலுகை காட்ட மறுத்துவிட்டது. வாய்தா கேட்டு மட்டும் கடிதம் எழுதுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

முதலாளி வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு, சொந்த வீட்டுப் பத்திரத்தையும் கொடுத்த போர்மேன்கள், கணக்குப்பிள்ளைகள் கவனிக்க: சட்டத்தின் கண்ணில் நீங்களும் கடன்காரர்தான். முதலாளியின் சொத்தை முதலில் விற்றுவிட்டு வா என்று வங்கியிடம் சொல்ல முடியாது. வேலையை விட்டு நின்றாலும் ஜாமீன் பொறுப்பு தீராது.

60 நாள் கெடு முடிந்ததும், வீட்டை வங்கி எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் சுவாதீன அறிவிப்பு சுவரில் ஒட்டப்படும். எதிர்த்து மனுப் போட அன்றிலிருந்து 45 நாள்தான். பலர் இங்கேதான் வழி தவறுகிறார்கள். சிவகாசி முன்சீப் கோர்ட்டில் தடை கேட்டால், சட்டத்தின் 34-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் போட்டால், உச்ச நீதிமன்றத்தின் சத்தியவதி டண்டன் தீர்ப்பை (2010) காட்டித் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்வதுதான் வழக்கம். போக வேண்டிய இடம் மதுரைக் கடன் மீட்புத் தீர்ப்பாயம். வீட்டைப் பூட்டும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அறிவிப்பு ஒட்டினாலே போகலாம் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. மனுப் போட முன்பணம் கட்ட வேண்டாம், கட்டணம் மட்டும் உண்டு. தடை உத்தரவுக்கு ஒரு பகுதித் தொகையைக் கட்டச் சொல்வார்கள். அதைத் திரட்டிக்கொண்டு போங்கள். தோற்றுச் சென்னைக்கு மேல்முறையீடு போனால் கடன் பாக்கியில் பாதியைக் கட்ட வேண்டும், குறைத்தாலும் 25 சதவீதத்துக்குக் கீழே இறங்காது.

தீர்ப்பாயத்தில் குடும்பக் கஷ்டம் எடுபடாது. நடைமுறைப் பிழைதான் எடுபடும். சுவாதீன அறிவிப்பு ஏழு நாளுக்குள் இரண்டு நாளிதழ்களில், ஒன்று தமிழில், வந்ததா? அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளர் வீட்டுக்கு விலை குறித்தாரா? முதல் ஏலத்துக்கு முழுசாக 30 நாள் அவகாசம் கொடுத்தார்களா? விவசாய நிலத்தை இந்தச் சட்டத்தில் விற்க முடியாது. ஆனால் பட்டாவில் புஞ்சை என்று இருந்தால் மட்டும் போதாது, அங்கே உண்மையில் விவசாயம் நடக்க வேண்டும். கடன் கொடுத்தது வங்கியோ வீட்டுக்கடன் நிறுவனமோ இல்லை, வேறு நிதி நிறுவனம் என்றால், 20 லட்சத்துக்குக் குறைந்த கடனுக்கு இந்தச் சட்டமே அதன் கையில் கிடையாது. இதை முதலிலேயே பாருங்கள்.

முழுக் கடனையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை, ஏல விளம்பரம் வெளியாவதற்கு முன்புவரைதான். 2016 திருத்தம் இது. தமிழ்நாட்டிலிருந்து போன கே.பி.கே. ஆயில்ஸ் வழக்கில் 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடி உறுதி செய்தது. ஏலத்தன்று பணத்தோடு ஓடி வந்தாலும், வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் வங்கிக்கு இல்லை.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று நாளைக் கடத்தாதீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். நோட்டீஸ், வங்கிக் கணக்கு விவரம், கட்டிய ரசீதுகள் மூன்றையும் எடுத்துக்கொண்டு, நோட்டீஸ் வந்த வாரத்திலேயே ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போங்கள்.