எஞ்சின் விளக்கும் பிழைக் குறியீடும்

மாணவர்களே, வாகனத்தின் முகப்பில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரிகிறது. கராஜில் ஸ்கேனரை இணைத்தால் "பீ 0171" என்று காட்டுகிறது. பழுது எது? "ஒட்சிசன் உணரியை மாற்ற வேண்டும்" என்று பலர் எழுதி விடுவீர்கள். சில கராஜ்களிலும் இதுவே நடக்கிறது. உரிமையாளரின் பணம் போகும்; இரண்டு நாளில் விளக்கு மறுபடியும் எரியும். குறியீடு என்பது நோயாளி சொல்லும் முறைப்பாடு போன்றது. வயிறு வலிக்கிறது என்றதும் எந்த வைத்தியரும் கத்தியை எடுப்பதில்லை.

இக்குறியீட்டு முறை 1996 ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து அமெரிக்காவில் விற்கப்பட்ட கார்களுக்குக் கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பெற்றோல் கார்களுக்கு 2001 இல் வந்தது. ஸ்டியரிங் பக்கத்தில், முகப்புக்குக் கீழே 16 ஊசிகள் கொண்ட இணைப்பி இருக்கும்.

தமிழ்ப் பாடத்தில் பகுபதத்தைப் பகுதி, இடைநிலை, விகுதி என்று பிரிப்பீர்கள் அல்லவா? இங்கும் அதே வேலைதான். "பீ" என்பது எஞ்சினும் கியர்த் தொகுதியும். (சசிக்கு "சீ", கணினி வலையமைப்புக்கு "யூ".) அடுத்துள்ள 0, எல்லா உற்பத்தியாளருக்கும் பொதுவான குறியீடு என்பதைக் காட்டும், அங்கே 1 வந்தால் பெரும்பாலும் அந்தக் கம்பனிக்கே உரியது. மூன்றாம் இடத்தில் 1 அல்லது 2 எனில் எரிபொருள், வளி. 3 எனில் எரிபற்றல். 4 எனில் புகைக் கட்டுப்பாடு. கடைசி இரு இலக்கங்கள் குறிப்பிட்ட பிழையைச் சொல்லும். 0171 இன் பொருள் "கலவை மெலிந்துள்ளது" என்பதே. எந்த உதிரிப்பாகமும் அதில் பெயர் சொல்லப்படவில்லை.

1 கிராம் பெற்றோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் வளி தேவை. வளி கூடினாலும் பெற்றோல் குறைந்தாலும் கலவை மெலியும். ஒட்சிசன் உணரி அதைக் கண்டு சொல்கிறது. கணினி பெற்றோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து, எல்லையைத் தாண்டியதும் விளக்கை எரிய விடுகிறது. செய்தி கொண்டு வந்தவனைத் தண்டிப்பது நியாயமா?

ஆகவே ஸ்கேனரில் "எரிபொருள் திருத்தம்" என்ற அளவைப் பாருங்கள். எஞ்சின் சும்மா ஓடும்போது அது மிக உயர்ந்து, வேகம் கூட்டியதும் இறங்கினால், உறிஞ்சு குழாயில் வெடிப்பு இருக்கலாம். சும்மா ஓடும்போது உள்ளே வரும் வளி சொற்பம். கசியும் வளியின் பங்கு பெரிதாகத் தெரியும். மாறாக, ஏற்றத்தில் உயர்ந்தால் பெற்றோல் பம்பியையும் வடிகட்டியையும் சோதியுங்கள். சோதனைக்கு முன் குறியீட்டை அழிக்காதீர்கள்; பிழை தோன்றிய வேளையில் பதிவான வேகம், வெப்பநிலை முதலிய தரவுகளும் சேர்ந்து அழியும்.

மலைநாட்டு மாணவர் ஒரு கேள்வி கேட்கக்கூடும். பட்டிப்பொல புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில் உள்ளது. கடற்கரையில் ஏறத்தாழ 101 கிலோபஸ்காலாக இருக்கும் வளிமண்டல அமுக்கம் அங்கே 80 அளவில்தான். வளி ஐதானதால்தான் இந்தக் குறியீடு வருகிறதா? இல்லை. காபுரேற்றர் உள்ள பழைய வாகனத்தில், வளி குறையும் அளவுக்குப் பெற்றோல் குறையாது. கலவை செறிந்து கரும்புகை வரும். அதாவது விளைவு நேர்மாறானது. எரிபொருள் உட்செலுத்தும் வாகனத்திலோ, கணினி வளியை அளந்து அதற்கேற்பப் பெற்றோலைக் குறைத்துக்கொள்ளும். மலை மீது பழி போட முடியாது.

மாதிரி வினா: ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனி எரிபற்றல் சுருள் உள்ள நான்கு உருளை எஞ்சினில் "பீ 0302" (2 ஆம் உருளையில் எரிபற்றல் தவறுகிறது) காட்டுகிறது. புதிய சுருள் வாங்குமுன் செய்யத்தக்க செலவில்லாத சோதனை யாது?

விடை: எஞ்சினை நிறுத்தி, 2 ஆம், 3 ஆம் உருளைகளின் சுருள்களை இடம் மாற்றிப் பொருத்த வேண்டும். குறியீட்டை எழுதி வைத்துக்கொண்டு அழித்து, வாகனத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். "பீ 0303" வந்தால் சுருளே பழுது. மீண்டும் 0302 வந்தால் சுருள் நல்லது. ஸ்பார்க் பிளக், எரிபொருள் உட்செலுத்தி, உருளையின் நெருக்கல் அமுக்கம் ஆகியவற்றை முறையே சோதிக்க வேண்டும். விளக்கு விட்டு விட்டு மின்னினால் ஓட்டுவதை நிறுத்த வேண்டும். எரியாத பெற்றோல் புகைக் குழாயிலுள்ள ஊக்கி மாற்றிக்குள் எரிந்து அதை அழித்துவிடும்.