கடைசிக் காலத்தில் துணை இருப்போம்
(குடும்ப நலப் பாடம்)



பிள்ளை பெறும் வீட்டில் என்ன செய்யணும் என்று லயத்தில் உள்ள பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் உயிர் பிரியப் போகும் ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து எப்படித் துணை செய்வது என்று நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. இம்முறை அதைப் பற்றிப் படிப்போம்.

மேல்நாடுகளில் இதை ஒரு வேலையாகவே படித்துச் செய்கிறார்கள். பிரசவத்தில் தாய்க்குத் துணை நிற்கும் பெண்ணை அங்கே 'டூலா' என்பார்கள். அதே போல மரணப் படுக்கையில் துணை இருப்பவருக்கும் இப்போது அந்தப் பெயர் வந்துவிட்டது. இவர் டாக்டரும் அல்ல, தாதியும் அல்ல. மருந்து கொடுப்பதில்லை. பக்கத்தில் இருப்பார், பேச்சைக் கேட்பார், வீட்டாருக்குத் தைரியம் சொல்வார்.

கல்முனைக் கரையில்

இந்த வேலையை, பெயர் வைக்காமலே நம் நாட்டில் செய்து வருகிறார்கள். மருதமுனைத் தறிச் சாரன் நம்மில் பலருக்குத் தெரியும். அந்த மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் எல்லாம் அம்பாறைக் கரையில் உள்ள முஸ்லிம் ஊர்கள். அங்கே பெண் பிள்ளைக்குத்தான் வீடு கொடுப்பது வழக்கம். அக்கா தங்கச்சி வீடுகள் ஒரே வளவில் அல்லது பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஆகவே உம்மாவோ வாப்பாவோ படுத்துவிட்டால் முறை வைத்துப் பார்க்க ஆட்கள் உண்டு.

நோயாளியைப் போய் விசாரிப்பது அவர்கள் மார்க்கத்தில் கடமை. யாருக்குக் கடன் தரணும், யாருடைய பொருள் கையில் இருக்கு என்று நல்ல நினைவு இருக்கும்போதே கேட்டுக் கொள்கிறார்கள். மனஸ்தாபம் உள்ளவர்களைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வைக்கிறார்கள். சக்கராத் என்னும் கடைசி நேரத்தில் காதோரம் மெதுவாகக் கலிமா சொல்லிக் கொடுப்பார்கள். நோயாளி ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லித் தொந்தரவு செய்யக் கூடாது என்பது மார்க்க அறிஞர்கள் வகுத்த ஒழுங்கு. வாய் காய்ந்தால் தண்ணீரால் நனைக்கிறார்கள்.

உயிர் பிரிந்த பின் கண்ணை மூடி, தாடையைக் கட்டி, துணியால் மூடுகிறார்கள். பெண்ணைப் பெண்களும் ஆணை ஆண்களும் குளிப்பாட்டுவார்கள். அந்த உடம்பில் ஏதும் குறை கண்டால் அதை வெளியே சொல்லவே கூடாது. அந்த வீட்டுக்குச் சாப்பாடு அயலவர் கொண்டு வருவார்கள்.

இந்தத் துணை கிடைக்காமல் போனால் எவ்வளவு வேதனை என்பதையும் அந்த மக்கள் அறிவார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தக் கரையில் எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் இருக்கவோ, குளிப்பாட்டி அடக்கவோ ஒருவரும் இல்லாமல் போனது. 2020இல் கோவிட்டால் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று சட்டம் வந்தது. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கத் தொடங்கும் வரை முஸ்லிம் குடும்பங்கள் அழுதது அதற்காகத்தான்.

நம் லயத்தில்

நமக்கு ஒரு கஷ்டம் உண்டு. காலையில் பெரட்டுக்குப் போகாவிட்டால் பேர் விழாது. ஆகவே படுத்த படுக்கையாக உள்ள அப்பாயியோ தாத்தாவோ பகல் முழுக்கத் தனியாகக் கிடக்கிறார்கள். ஆனால் நமக்கு ஒரு வசதியும் உண்டு. ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த வீடு. பென்சன் எடுத்தவர்கள், வேலைக்குப் போகாதவர்கள் எல்லா லயத்திலும் நாலு பேராவது இருப்பார்கள். அவர்கள் ஆளுக்கு ஒரு நேரம் உட்கார்ந்தால் போதும்.

இந்தியாவில் கேரளத்து மலப்புறத்தில் 1999 முதல் இப்படித்தான் செய்தார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கக் கூடிய சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் தங்கள் அயலில் உள்ள நோயாளிகளை வீட்டில் போய்ப் பார்த்தார்கள். டாக்டரும் தாதியும் அவர்களுக்குப் பின்னால் இருந்தார்கள்.

துணை இருப்பவர் செய்ய வேண்டியவை

1. இனிக் குணமாகாது என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். நாமாக முடிவு கட்டக் கூடாது.

2. வலியைப் பொறுத்துக் கொள்ளச் சொல்லாதீர்கள். தோட்ட வைத்திய உதவியாளரிடம் அல்லது ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள். புற்றுநோய் வலிக்கு மோர்பின் எழுதிக் கொடுத்தால், பழக்கமாகிவிடும் என்று பயந்து நிறுத்த வேண்டாம். சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுங்கள்.

3. கடைசி நாட்களில் பசி குறையும், தூக்கம் கூடும். வற்புறுத்தி ஊட்டாதீர்கள். விழுங்க முடியாதவர் வாயில் பால் ஊற்றினால் அது நெஞ்சுக்குள் போய் மூச்சை அடைக்கும். பால் வைக்கும் முறையை விட மனமில்லை என்றால், பஞ்சில் தொட்டு உதட்டில் மட்டும் தடவுங்கள்.

4. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மெதுவாகப் புரட்டிப் படுக்க வையுங்கள். படுக்கைப் புண் வரும் வாய்ப்புக் குறையும். தொண்டையில் கறகற என்று சத்தம் வந்தால் ஒரு பக்கமாகச் சாய்த்து விடுங்கள்.

5. கை கால் குளிர்வதும், மூச்சு விட்டு விட்டு வருவதும் முடிவு நெருங்கும் அடையாளம். வீட்டாருக்கு இதை முன்னமே சொல்லி வைத்தால் பதற மாட்டார்கள்.

6. நினைவில்லை என்று எண்ணிப் பக்கத்தில் நின்று சொத்துச் சண்டை, செலவுக் கணக்குப் பேசாதீர்கள். காது கேட்கக் கூடும். கனடாவில் வான்கூவர் நகரில் செய்து 2020இல் வெளிவந்த ஆய்வில், பதில் பேச முடியாத நிலையில் இருந்த நோயாளிகள் சிலரின் மூளை சத்தத்தை உணர்ந்தது தெரிந்தது. "நாங்க இருக்கோம், பயப்படாதீங்க" என்று சொல்லுங்கள். தேவாரமோ ஜெபமோ யாசீனோ, அவர் விரும்பியதை மெதுவாகச் சொல்லுங்கள்.

7. பார்த்துக் கொள்ளும் மகளையோ மருமகளையோ மறக்காதீர்கள். ஒரு மணி நேரம் தூங்க விடுங்கள். ஒரு கோப்பைத் தேத்தண்ணி கொடுங்கள். காரியம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் ஒரு நாள் எட்டிப் பாருங்கள்.

சங்கக் கூட்டத்தில் பேசுவதற்கு

அ. நம் லயத்தில் இப்போது படுக்கையில் இருப்பவர் யார்? பகலில் அவருடன் இருப்பது யார்?

ஆ. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கொடுக்கக் கூடியவர்கள் யார்? அவர்கள் பெயரையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி அந்த வீட்டுக் கதவில் ஒட்டுங்கள்.

சாவை நம்மால் நிறுத்த முடியாது. ஆனால் நம் லயத்தில் ஒருவரும் தனியாகச் சாகவில்லை என்று சொல்லும்படி செய்ய முடியும். அந்தத் தாளில் முதல் பெயரை இந்த வாரமே எழுதுங்கள்.