கள்ளிக்குப்பத்திலிருந்து பூண்டிக்கு மிதிவண்டி வழி

சென்னை மாநகராட்சியின் அம்பத்தூர் மண்டலத்தைச் சேர்ந்தது கள்ளிக்குப்பம். 1949-ல் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள் நிறுவனத்தின் தொழிற்சாலை அமைந்ததும் இதே அம்பத்தூரில்தான். ஆயினும் இங்கிருந்து மிதிவண்டியில் வெளியூர் செல்ல எண்ணுவோர், கொல்கத்தா, திருப்பதி, பெங்களூர்ச் சாலைகளில் இரவு பகலாக ஓடும் லாரிகளை நினைத்துத் தயங்குகின்றனர். அச்சாலைகளை விலக்கி நெடுவழி வகுப்பது எங்ஙனம் என்பதை ஆராய்வோம்.

நமக்கு வழிகாட்டுவது நீர். 1944-ல் கட்டி முடிக்கப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து கொசத்தலையாற்றில் விடப்படும் நீர், தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பப்பட்டு, கால்வாய் வழியே சோழவரம் ஏரிக்கும், அங்கிருந்து புழல் ஏரிக்கும் வருகிறது. நீர் தானே இறங்கிவரும் நிலத்தில் கடும் ஏற்றம் இராது. அதனை எதிர்த்து மேற்கே சென்றால் திருமுல்லைவாயில், வெள்ளானூர், அலமாதி, தாமரைப்பாக்கம், பூண்டி என முதல் நாள் ஓட்டம் அமையும். இடையில் செங்குன்றம்–திருவள்ளூர்ச் சாலையைச் சிறிது தொட நேரும். அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையையோ எவ்வாறும் கடந்தே தீரவேண்டும். எனவே முதலில் கடக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, பின்னரே இருபுறமும் வழியை நீட்டுதல் முறை. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, வயல் நடுவே வந்து நிற்கின்றனர்.

வரைபடத்தில் கோடு இருப்பதனாலேயே பாதை இருக்குமென்பதில்லை. கிராமக் கணக்கில் வண்டிப்பாதை என்று பதிவான நிலம், இரு பக்கமும் ஒவ்வோர் உழவுக்கும் ஒரு சாலாகக் குறைந்து, ஒற்றையடிப் பாதையாகிவிடுகிறது. ஊராட்சி உறுப்பினர்கள் நில அளவைப் படத்துடன் ஒருமுறை நடந்து பார்த்தல் நலம். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், ஊர்ச் சாலைகளையும் அவற்றின் சிறுபாலங்களையும் பேணுதலைக் கிராம ஊராட்சியின் கடமையாக்கியுள்ளது. ஒரு சிறுபாலம் இடிந்துகிடந்தால், தொலைவூர்ப் பயணி சுற்றிச் செல்வான். அரசு வழங்கிய மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையும், பால் கொண்டுசெல்லும் உழவரும் நாள்தோறும் லாரிகளுக்கிடையே செல்ல நேரிடும். பயணிக்கு ஏற்ற வழியே ஊராருக்கும் வேண்டிய வழி.

வழி காட்டும் பலகைக்குப் பெருஞ்செலவு வேண்டா. பெல்ஜிய நாட்டு லிம்பர்க் மாநிலத்தில் 1995-ல் மிதிவண்டிப் பாதைகளின் சந்திப்புகளுக்கு எண்கள் இட்டனர். சுரங்கப் பொறியாளர் ஒருவர், சுரங்க வழிகளின் எண்களைக் கண்டு கூறிய யோசனை அது. செல்வோர் எண்களை வரிசையாகக் குறித்துக்கொண்டால் போதும். நம் ஊராட்சிகளும் தத்தம் எல்லையிலுள்ள சந்திப்புகளில் மைல்கல் போன்றதொரு கல்லை நட்டு எண் எழுதலாம். அடுத்த ஊராட்சியுடன் கலந்து எண்ணிடுதல் அவசியம்.

ஐப்பசி, கார்த்திகையில் இவ்வழி ஏற்றதன்று. பூண்டியில் உபரிநீர் திறந்தால் கொசத்தலையாற்றின் தரைப்பாலங்கள் மூழ்கும்; களிமண் சக்கரத்தில் அப்பி வண்டியை நிறுத்திவிடும். தை பிறந்தபின் புறப்படுவோர், காற்றடிக்கும் பம்பும் ஒட்டுப் போடும் சாமானும் மறவாது கொண்டுசெல்க.