பால் மாறிய பழங்கதை

முன்னோர் மொழிந்த கதையைப் பின்னோர் தம் காலத்திற்கேற்ப மீட்டும் உரைத்தல் எல்லா நாட்டினர்க்கும் பொதுவானதோர் இலக்கிய வழக்காகும். நன்னூலாசிரியராகிய பவணந்தி முனிவர் நூல்களை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்தினார். முதனூலின் முடிபை முற்றுந் தழுவிப் பின்னோன் விரும்பும் வேறுபாட்டையும் உடன் கொள்வது வழிநூல். ஒரு பகுதியளவில் ஒத்து ஏனையவற்றில் வேறுபட்டு நிற்பது சார்புநூல். இப்பாகுபாடு கதைநூல்களுக்கும் ஒருவாறு பொருந்துவதாகலின், இதனைத் துணைக்கொண்டு மேனாட்டுச் சித்திரக்கதை யொன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஹோமர் பெயரால் வழங்கும் ஒடிசி என்னுங் கிரேக்கப் பெருங்காப்பியம் 24 பகுதிகளையும் ஏறத்தாழ 12,000 அடிகளையும் உடையது. திராய் நகரப் போர் 10 ஆண்டு நடந்து முடிந்த பின்னர், ஒடிசியசு என்னும் வீரன் மேலும் 10 ஆண்டு கடலில் அலைந்து இத்தாக்காத் தீவை அடைதலும், தன் மனைவி பெனலோப்பியை மணக்க விரும்பித் தன் மனையிற் புகுந்திருந்தாரைக் கொன்றொழித்தலும் அதன் கதையாம்.

இக்கதையை மாட் ஃபிராக்ஷன் எழுத, கிறிஸ்டியன் வார்டு ஓவியந் தீட்ட, அமெரிக்க நாட்டு இமேஜ் காமிக்ஸ் நிறுவனத்தார் ‘ஓடி-சி’ என்னும் பெயரால் 2014 முதல் 2016 வரை 12 இதழ்களாக வெளியிட்டனர். கடல் விண்வெளியாயிற்று, மரக்கலம் விண்கலமாயிற்று. ஒடிசியசு ஒடிசியா என்னும் பெண்ணானாள். தேவர் தலைவனாகிய சீயசும் பெண்ணாயினான். முதலிதழின் தொடக்கத்திலேயே எட்டுப் பக்க அளவில் விரியும் மடிப்போவியம் ஒன்று அவ்வுலகின் பரப்பை நம் கண்முன் நிறுத்துகின்றது.

காப்பியத்தை விண்ணுக்கு ஏற்றுதல் மட்டும் புதுமையன்று. பிரெஞ்சுக்காரரும் ஜப்பானியரும் கூடி 1981 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘யூலிசிஸ் 31’ என்னும் உயிரூட்டப் படத்தொடர் அதனை முன்னரே செய்தது. ஆயின், அதில் தலைவன் ஆணாகவே நின்றான். ஓடி-சி பாலையும் மாற்றிற்று. “ஆடையை மாற்றினாற்போலப் பெயரீற்றை மாற்றுதலால் ஆவதென்னை?” என்று வினவுவார் உளர். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று.

அதற்குரிய விடையின் ஒரு கூறு பழங்கிரேக்கக் கதையிலேயே உளது. தன் மக்களால் வீழ்வோமென்றஞ்சிக் குரோனசு அவர்களை விழுங்கினான் என்றும், அவன் மகன் சீயசும் அவ்வச்சத்தாலேயே தன் மனைவி மீட்டிசை விழுங்கினான் என்றும் ஹீசியடு என்னும் புலவர் பாடியுள்ளார். சித்திரக்கதையிலோ, தன்னை வெல்லும் பிள்ளை பிறத்தலாகாதெனக் கருதிய சீயசு ஆண்குலத்தையே ஏறக்குறைய ஒழித்துவிடுகின்றாள். பின்னர்ப் புரோமெதீனி என்பாள் தன் அறிவாற்றலால் செபெக்ஸ் என்னும் வேறொரு பாலினரைப் படைத்து, மகப்பேறு தொடர வழி செய்கின்றாள். ஆண்கள் அரியராகிய அவ்வுலகில், ஹெலனைப் போலப் போருக்குக் காரணமாகின்றவன் அழகிய ஓர் ஆண்மகன். ஆகவே பால்மாற்றம் காரணமின்றி நிகழ்ந்ததன்று. விஞ்ஞானப் புனைவும் வெறும் அணியன்று. பழங்கதையின் அச்சமொன்றை அதன் எல்லைவரை கொண்டு செல்லுங் கருவியாம்.

விடையின் மறுகூறு நம்மையே நோக்குவது. இம்மாற்றத்தை அறிந்தபின் முதனூலுக்குத் திரும்புவோமாக. ஒடிசியசு சர்சியுடன் ஓராண்டும் கலிப்சோவுடன் ஏழாண்டும் தங்குகின்றான். பெனலோப்பியோ இருபதாண்டும் கற்புக் காத்தல் வேண்டும். முதற் பகுதியில் மகன் டெலிமாக்கசு, அவையில் உரையாடல் ஆடவர்க்குரியதெனக் கூறித் தாயைத் தறியிடத்திற்கு அனுப்புகின்றான். ஒன்பதாம் பகுதியில் இஸ்மாரசு என்னும் ஊரைச் சூறையாடி, ஆடவரைக் கொன்று பெண்டிரைப் பங்கிட்டதை ஒடிசியசு தன் வாயாலேயே எளிதாகச் சொல்லிச் செல்கின்றான். இவற்றை ஒரு பெண் செய்தாளாக எண்ணிப் பார்த்தவிடத்து நம் உள்ளம் திடுக்கிடுமாயின், ஆண் செய்தபோது திடுக்கிடாதது ஏன்? செயல் ஒன்றே, நிறைகோல் இரண்டு. வீரம் என்று நாம் போற்றுவதும் கொடுமை என்று நாம் தூற்றுவதும் செய்தார் பாலைப் பொறுத்தே வேறுபடுமாயின், நம் நீதி நீதியாகாது. பால் மாற்றிய கதை இவ்விரட்டை நிறைகோலை வெளிப்படுத்தும்.

ஆயினும் இம்முறைக்கும் எல்லையுண்டு. வாளேந்திய கை பெண்ணின் கையானதால் வெட்டுண்டார் துயர் குறைவதில்லை. ஒடிசியாவும் அவள் தோழியரும் போர்வெறியில் ஆடவர்க்கு இளைத்தவரல்லர். இருபத்திரண்டாம் பகுதியில் டெலிமாக்கசினால் தூக்கிலிடப்பட்ட பணிப்பெண்கள் பன்னிருவர். தலைவன் தலைவியானாலும் அவர்களுக்கு வாய் பிறந்துவிடாது. கனடா நாட்டு எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் 2005 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பெனலோப்பியட்’ என்னும் நூலில் எவர் பாலையும் மாற்றாமல், பெனலோப்பியையும் அப்பன்னிருவரையுமே பேசவைத்தார். முன்னது அரியணையில் அமர்வாரை மாற்றிக் காட்டுகின்றது. பின்னது அவ்வரியணையின் கீழ் நசுங்கினாரைக் கேட்கின்றது. இரண்டும் வேண்டற்பாலனவே, ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

இனி, ஓடி-சி வழிநூலோ சார்புநூலோ? வீடு திரும்பும் பயணம் என்னும் அளவில் அது ஹோமரைப் பின்பற்றுகின்றது. பிற்பகுதியிலோ ஆயிரத்தோர் இரவுக் கதைகளையும் தன்பால் ஈர்த்துக்கொண்டு வேறு நெறியிற் செல்கின்றது. ஆதலின் சார்புநூல் என்றலே பொருந்துவதாம். சார்புநூல் என்பதனால் அது தாழ்ந்ததாகாது. முதனூலை மறக்கச் செய்யாது, அதனை மீண்டும் எடுத்துக் கூர்ந்து கற்குமாறு நம்மைத் தூண்டுவதே அதன் பயன். மாணவ நண்பர்காள்! காப்பியம் ஒன்றைப் பயிலுங்கால், அதன் தலைமக்களை ஒருமுறையேனும் பால் மாற்றி உள்ளத்தில் நிறுத்திப் படிப்பீர்களாக. எவ்விடத்து மனம் இடறுகின்றதோ, அவ்விடத்திலேயே நம் ஆராய்ச்சியைத் தொடங்குதல் தகும்.