சரிசெய்வதா, மாற்றுவதா, புதிதாகப் போடுவதா?
லினக்ஸ் டெஸ்க்டாப் எழும்பாதபோது எந்த வழி யாருக்கு

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல கருவிகளில் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. தரங்கம்பாடிப் பக்கம் அப்படியொரு பழைய மடிக்கணினி இன்னும் ஓடுகிறதென்றால், பேட்டரி செத்து, நேரடிக் கரண்டில்தான் ஓடும். ஐப்பசி மழையில் கரண்ட் போனால் அப்படியே அணையும். அடுத்த முறை கடவுச்சொல்லைத் தட்டியதும் திரை கறுக்கும். மறுநொடி லாகின் பக்கமே திரும்ப வந்து நிற்கும். உடனே ஃபார்மட் அடிக்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். எந்த இடத்தில் விழுகிறது என்பதை வைத்தே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் இடத்தைப் பாருங்கள்

லாகின் பக்கம் வருகிறதா? அப்படியானால் அடித்தளம் பெரும்பாலும் நலம். படுத்திருப்பது டெஸ்க்டாப் மட்டும். லாகின் பக்கமே வராமல் கறுப்பாக நின்றால் கிராபிக்ஸ் டிரைவரைச் சந்தேகிக்கலாம். கணினி எழும்போது வரும் கிரப் பட்டியலில் 'இ' எழுத்தைத் தட்டி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். திரை வந்துவிட்டால் கோளாறு டிரைவரில்தான்.

ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் விழுந்தால் மென்பொருளைக் குறை சொல்லாதீர்கள். கடலோர உப்புக்காற்று ரேமின் இணைப்புகளை அரித்திருக்கலாம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டிப் பாருங்கள்.

வழி 1: இருப்பதைச் சரிசெய்வது

லாகின் பக்கத்துக்கே திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு இது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். அங்கே 'டிஎஃப்' கட்டளை கொடுத்து வட்டில் இடம் இருக்கிறதா பாருங்கள். 100% என்று காட்டினால் காரணம் அதுவே. வேண்டாததை நீக்கினால் போதும். இடம் இருந்தால், வீட்டு அடைவில் 'எக்ஸ்அத்தாரிட்டி' என்ற மறைகோப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். 'ரூட்' பெயரில் இருந்தால் அதற்கு வேறு பெயர் கொடுத்து ஒதுக்குங்கள்.

அப்போதும் வரவில்லையா? புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி நுழைந்து பாருங்கள். அதில் டெஸ்க்டாப் வந்தால் உங்கள் அமைப்புக் கோப்புகள்தான் கெட்டிருக்கின்றன. 'கான்ஃபிக்' அடைவை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றுங்கள். படம், பாடம் எதுவும் போகாது.

வழி 2: டெஸ்க்டாப்பை மாற்றுவது

புதிய கணக்கிலும் விழுகிறதென்றால் இது. முதலில் லாகின் பக்கத்துப் பல்சக்கரக் குறியில் திரையை வரையும் வேலாண்டுக்குப் பதில் பழைய எக்ஸார்க் இருந்தால் அதைத் தேர்ந்து பாருங்கள், செலவில்லாத சோதனை. பலிக்காவிட்டால் எழுத்துத் திரையிலிருந்தே எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்க்யூடி என்ற இலகுவான டெஸ்க்டாப்பை நிறுவலாம். இணையத்துக்குச் செல்போனை யுஎஸ்பி வயரில் மாட்டி டெதரிங் போடுங்கள். 2 ஜிபி ரேம் உள்ள கருவியில் க்னோம் என்ற டெஸ்க்டாப் மூச்சுத் திணறும். இவை இரண்டும் தாங்கும். பழைய டெஸ்க்டாப்பும் கூடவே இருக்கும், பிறகு திரும்பலாம். ஆனால் வட்டு நிரம்பியிருந்தால் இந்த வழி உதவாது.

வழி 3: புதிதாகப் போடுவது

கோப்பு முறைமையை 'எஃப்எஸ்சிகே' கொண்டு சரிசெய்த பிறகும் பிழை திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் இது. முதலில் லைவ் யுஎஸ்பியில் ஏற்றி வீட்டு அடைவை வெளியே நகலெடுங்கள். கணினிக் குறிப்பேட்டில் 'ஐ/ஓ எரர்' வரிசையாக வந்தால் வட்டே போய்க்கொண்டிருக்கிறது; அதே வட்டில் புதிதாகப் போடுவது வீண். எஸ்எஸ்டி மாற்றிவிட்டுப் போடுங்கள். அப்போது வீட்டு அடைவுக்குத் தனிப் பகுதி ஒதுக்கினால், அடுத்த முறை அதைத் தொடாமலே லினக்ஸை மாற்றலாம்.

காரைக்காலுக்கோ மயிலாடுதுறைக்கோ பழுதுபார்க்கக் கருவியைத் தூக்கிக்கொண்டு போகுமுன் வழி 1-ஐ முடித்துவிடுங்கள். போயே ஆக வேண்டுமென்றால் கோப்புகளை நகலெடுத்து வீட்டில் வைத்துவிட்டு, எங்கே விழுகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.