பாரிஸுக்கு முதல் ட்ரிப்பா? பெரம்பூர் புத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்

மேனேஜர் கூப்பிட்டு, "பாரிஸ், ரெண்டு வாரம், நீங்க கிளம்புறீங்க" என்கிறார். டீமில் ஆறு பேர் காத்திருக்க, உங்கள் பெயர் வந்திருக்கிறது. சந்தோஷப்பட ஒரு சாயங்காலம் போதும். மறுநாளே ஹோம்வொர்க்கை ஆரம்பியுங்கள். உங்களுக்கு டிசைன் வருமா, டெஸ்டிங் வருமா என்பது ஆபீஸுக்கு ஏற்கெனவே தெரியும். தனியாக அனுப்பினால் ஆள் நேரத்துக்குப் போய்ச் சேருவாரா, லேப்டாப்பைத் தொலைக்காமல் திரும்புவாரா என்பதுதான் தெரியாது. அங்கே சொதப்பினால் இரண்டாவது ட்ரிப் பக்கத்து சீட்டுக்குப் போய்விடும்.

பெரம்பூர், அயனாவரம், வியாசர்பாடிப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு அட்வான்டேஜ் உண்டு. லோகோ ஒர்க்ஸ், கேரேஜ் ஒர்க்ஸ், 1955-இல் வந்த ஐ.சி.எஃப். என்று ரயில் பெட்டிச் சத்தத்தில் வளர்ந்தவர்கள் நாம். சென்னை மெட்ரோவின் முதல் ரயில்களைச் செய்து கொடுத்த ஆல்ஸ்டாமின் தலைமையகம் இருப்பது, பாரிஸை ஒட்டிய சான்துவானில். பிரெஞ்சு ரயில்வேயின் தலைமையகம் பக்கத்திலேயே சான் தெனியில். இரண்டும் நகருக்கு வடக்கே, ஒரு காலத்தில் ஃபேக்டரியும் ரயில் யார்டுமாகக் கிடந்த பகுதிகள். அந்தப் பக்கம் வேலை அமைந்தால் நீங்கள் போவது ஈஃபில் டவருக்கு அல்ல, அவர்களுடைய வட சென்னைக்கு.

1. கிளம்பும் முன்

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கட்டாயம். அந்த பாலிசி பேப்பரை விசா ஃபைலோடு மூட்டை கட்டாமல் கையில் எடுத்துப் போங்கள். இந்திய வங்கி கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாம்தான் ஆன் செய்ய வேண்டும். பலருக்கு இது பாரிஸ் டிக்கெட் மெஷின் முன்னால் நிற்கும்போதுதான் தெரியவருகிறது. கார்டு இரண்டு வேண்டும், இரண்டும் ஒரே பர்ஸில் இருக்கக் கூடாது. போனில் ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் அடித்து வரும் ஐ.எம்.இ.ஐ. நம்பரை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஹோட்டல், ஆபீஸ் முகவரிகளும் அதே தாளில். எதற்குத் தாள் என்பது நாலாவது பாயின்ட்டில் வரும்.

2. ஏர்போர்ட்டிலிருந்து

ஷார்ல் த கோல் ஏர்போர்ட்டில் வெளியே வந்ததும் "டாக்ஸி, டாக்ஸி" என்று ஒருவர் பக்கத்திலேயே நடந்து வருவார். சென்ட்ரல் வாசலில் என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள்: காதில் விழாத மாதிரி நடையைக் கட்டுங்கள். அசல் டாக்ஸி, போர்டு போட்ட வரிசையில் நிற்கும். அதற்கு அரசு வைத்த நிலையான கட்டணம்: 2025-இல் சேன் நதிக்கு வடகரை என்றால் 56 யூரோ, தென்கரை என்றால் 65. பேரம் இல்லை, லக்கேஜுக்குத் தனிக் காசும் இல்லை. பகலில் இறங்குகிறீர்கள், பெட்டி ஒன்றுதான் என்றால் ஆர்.இ.ஆர். 'பி' ரயில் போதும். 2025-இல் அந்த டிக்கெட் 13 யூரோ. சாதாரண மெட்ரோ டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஏர்போர்ட் ரயிலில் ஏறினால் ஃபைன்தான்.

3. டிக்கெட் கணக்கு

பெர் டியம் மிச்சமாவதும் கரைவதும் இங்கேதான். 2025 ஜனவரியிலிருந்து, ஏர்போர்ட் தவிர, மெட்ரோ, ஆர்.இ.ஆர். எதில் போனாலும் ஒரே கட்டணம்; அந்த வருஷம் அது 2.50 யூரோவாக இருந்தது. பஸ், டிராமுக்கு அப்போது 2 யூரோ, அது வேறு டிக்கெட்; ஒன்றை வைத்து மற்றதில் மாற முடியாது. ஒரு வாரம் தங்குபவர்களுக்கு நாவிகோ வாரப் பாஸ் லாபம்: 2025-இல் 31.60 யூரோவுக்கு எல்லா ஸோனும், ஏர்போர்ட் ரயில் உட்பட. கார்டுக்கு 5 யூரோவும் ஒரு சின்ன போட்டோவும் தனி. ஆனால் அது திங்கள் முதல் ஞாயிறு வரைதான். வியாழக்கிழமை இறங்கி வாரப் பாஸ் வாங்கினால் நாலு நாளில் காலாவதி. எனவே ஃப்ளைட்டை திங்கள் காலைக்குக் கேளுங்கள். டிராவல் டெஸ்க்கில் இருப்பவருக்கு இது தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். இந்தக் கட்டணங்கள் வருஷா வருஷம் மாறும், கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மெட்ரோவில் வழி கண்டுபிடிப்பது பெரம்பூர்க்காரருக்குப் பெரிய விஷயமில்லை. "பீச் வண்டி", "அரக்கோணம் வண்டி" என்று கடைசி ஸ்டேஷன் பெயரைச் சொல்லித்தானே பழகியிருக்கிறோம்? அங்கேயும் அப்படித்தான். 2-ஆம் நம்பர் லைனில் ஒரு பக்கம் நாசியோன் வண்டி, இன்னொரு பக்கம் போர்த் தோஃபின் வண்டி. 'சொர்த்தி' என்றால் வெளியே போகும் வழி. டிக்கெட்டை வெளியே வரும்வரை பத்திரமாக வைத்திருங்கள். செக்கர்கள் நடைபாதையில் கும்பலாக நிற்பார்கள்.

4. கை வைக்கும் இடம்

29சி பஸ்ஸில் பெரம்பூரில் ஏறிப் பெசன்ட் நகர் வரை போகும்போது பையை முன்னால் மாட்டிக்கொள்பவன் நான். பாரிஸில் முதல் வாரமே அந்தப் பழக்கத்தை மறந்தேன். 2-ஆம் லைனில் கதவை ஒட்டிய மடக்கு சீட்டில் உட்கார்ந்து, போனில் மேப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு மூடும் மணி அடித்தது. ஒரு கை வந்தது, போன் போனது, கதவு மூடியது. அவன் பிளாட்பாரத்தில், நான் கண்ணாடிக்கு உள்ளே. ஓடக்கூட இல்லை, ஜாக்கெட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடந்தே போனான். மறுநாள் மீட்டிங் முகவரி அந்தப் போனில்தான் இருந்தது. நாற்பது நிமிஷம் லேட். காரணத்தை அங்கே யாரும் கேட்கவில்லை. அப்ரைசலில் மட்டும் ஞாபகமாக வந்தது.

அதனால்தான் தாள். கதவருகே போனை எடுக்காதீர்கள். மேப் பார்க்க வேண்டுமென்றால் பிளாட்பாரச் சுவரில் முதுகை வைத்துக்கொண்டு பாருங்கள். அட்டை நீட்டிக் கையெழுத்து கேட்கும் பெண்கள், மோன்மார்த் படிக்கட்டில் விரலில் நூல் கட்டுபவர்கள், தரையிலிருந்து மோதிரம் எடுத்து "உங்களுடையதா?" என்பவர்கள், எல்லாம் ஒரே வியாபாரம். நின்று பதில் சொன்னால் நீங்கள் கஸ்டமர்.

போனோ பர்ஸோ போய்விட்டதென்றால் முதலில் போலீஸ் ரிப்போர்ட்; அது இல்லாமல் இன்ஷூரன்ஸ் நகராது. பாஸ்போர்ட் போனாலும் முதல் படி அதுதான், அடுத்தது இந்தியத் தூதரகம். அவசர நம்பர் அங்கேயும் 112 தான். போலீஸுக்கு நேராக 17, ஆம்புலன்ஸுக்கு 15.

5. "அந்த ஏரியா மோசம்"

கார் து நோர் ஸ்டேஷன் பக்கம் போகாதே, 18-ஆம் வட்டாரம் டேஞ்சர் என்று கிளம்பும் முன்பே நாலு பேர் சொல்வார்கள். நமக்கு இந்தப் பாட்டு புதிதா? வியாசர்பாடி என்றதும் முகத்தைச் சுளிக்கும் ஹெச்.ஆர்.களைப் பார்த்தவர்கள்தானே நாம். ஆகவே ஏரியாவைப் பார்க்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். எந்த வாசல் வழியாக வெளியேறினால் வெளிச்சமும் கடையும் இருக்கும், பதினொரு மணிக்கு மேல் எது காலியாகும் என்பதைப் பகலிலேயே நடந்து பார்த்துவிடுங்கள். ஹோட்டல் புக் செய்யும்போது ஸ்டேஷன் வாசலிலேயே எடுக்காமல் இரண்டு மெட்ரோ ஸ்டேஷன் தள்ளி எடுங்கள். இது பயமில்லை, தூக்கத்துக்காக.

கார் து நோருக்குப் பின்னாலேயே லாச்சப்பல். ஈழத் தமிழர்கள் கட்டியெழுப்பிய கடைத்தெரு. தோசை, கொத்து ரொட்டி, புடவை, நகை, தமிழ் போர்டு. பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் கோயில், கோடை முடியும்போது தேர் பாரிஸ் தெருவில் ஓடும். போன் போன அன்று அங்கே ஒரு கடை அண்ணன்தான் என்னைத் திருப்பி அனுப்பினார்: "முதல்ல பொலிசுக்குப் போய் எழுதிக் குடுத்திட்டு வாங்கோ தம்பி, பேந்து போனைப் பாப்பம்." சாப்பாட்டுச் செலவைப் பாதியாக்க இதைவிட நல்ல இடமில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் அங்கேயே ஒதுங்கிவிடாதீர்கள். கிளையன்ட் டீம் டின்னருக்குக் கூப்பிடும்போது "வேலை இருக்கு" என்பவரை இரண்டாம் முறை கூப்பிட மாட்டார்கள்.

6. வாயைத் திறந்ததும்

"போன்ஜூர்." டிக்கெட் கவுன்டரில், லிஃப்ட்டில், ரிசப்ஷனில், பேக்கரியில் முதல் வார்த்தை இதுதான். நேரடியாக "எக்ஸ்கியூஸ் மீ, வேர் ஈஸ்" என்று ஆரம்பித்தால், இங்கிலீஷ் தெரிந்தவரும் தெரியாதவர் ஆகிவிடுவார்.

7. ஸ்ட்ரைக்

அதற்கு அங்கே 'கிரெவ்' என்று பெயர். பின்னி மில் வாசலையும் யூனியன் கொடியையும் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்கள் அதிர்ச்சியடைய வேண்டாம். பெரும்பாலும் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். எந்த லைன் ஓடும், எது பாதி ஓடும் என்பது முந்தின நாள் சாயங்காலம் தெரிந்துவிடும். அதைப் பார்த்து, "நாளைக்கு ஆர்.இ.ஆர். பாதிதான் ஓடுமாம், ஏழு மணிக்கே கிளம்புகிறேன்" என்று டீம் குரூப்பில் ஒரு வரி போடுங்கள், மேனேஜரும் இருக்கும் குரூப்பில். டிரைவர் இல்லாமல் ஓடும் 1, 4, 14 லைன்கள் ஸ்ட்ரைக் நாளிலும் பெரும்பாலும் கைகொடுக்கும். சான்துவானுக்கு அந்த 14 போகும்.