அவிழ்ந்த கூந்தலையும் சேர்த்துக்கொள்

அன்புள்ள மகளே,

கதைப் பெண்களின் படங்களை நீ ஒட்டிவைத்திருக்கும் நோட்டைப் பார்த்தேன். ரவிவர்மா 1899-இல் தீட்டிய, அன்னத்தோடு பேசும் தமயந்தி. கோபன்ஹேகனில் 1913 முதல் பாறைமேல் அமர்ந்திருக்கும் குட்டிக் கடற்கன்னி. இருவருமே யாருக்காகவோ ஏங்கிக் காத்திருப்பவர்கள். ஆண்டர்சன் 1837-இல் எழுதிய கதையில் அந்தக் கடற்கன்னி, கால்கள் வேண்டி நாவையே கொடுத்துவிடுகிறாள். சிலையை மட்டும் பார்த்தால் இது தெரியவராது. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் கீழே, செய்தவர் யார், கதையில் இது எந்தக் கட்டம், அதற்குப்பின் அவளுக்கு என்ன ஆயிற்று என்று நாலு வரி எழுது.

அடுத்த பக்கங்களை நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு ஒதுக்கு. முதலில் திரௌபதி. பல கோயில்களில் அம்மன் கையில் மொட்டோ கிளியோ ஏந்திச் சாந்தமாக நிற்பாள். பாரதக்கூத்தில் அவளே தலைவிரி கோலமாகச் சபையில் நியாயம் கேட்பாள். படுகளத்தன்று பார்க்க வேண்டும்: மண்ணால் செய்த துரியோதனன் களத்தில் மல்லாந்து கிடப்பான். பெண் வேடம் கட்டிய கலைஞர் அந்த மண்தொடையிலிருந்து சிவப்பைத் தொட்டுத் தலையில் தடவி, அவிழ்ந்த கூந்தலை முடிந்து பூ வைப்பார். சுற்றி நிற்கும் பெண்களின் முகத்தையும் பார். கூந்தலை முடியமாட்டேன் என்ற சபதம் தீர்ந்த நிம்மதி அங்கேயும் தெரியும். என்னைக் கேட்டால், இந்தப் பக்கங்களில் முதலாவது அவளுக்குத்தான்.

பாரி மகளிருக்கு அந்தக் காலத்து ஓவியம் ஒன்றுகூட இல்லை. தந்தையையும் குன்றையும் இழந்து அவர்களே பாடிய பாட்டு புறநானூற்றில் 112-ஆவதாக இருக்கிறது. அவர்கள் முகம் அதுதான். திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு ஒன்று, புலவர் கபிலர் பாரியின் மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுத் தீப்புகுந்ததைச் சொல்கிறது. பெண்ணையாற்றில் கபிலர் குன்று இன்றும் நிற்கிறது. அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் பிற்கால மரபு தந்தவை. அந்தப் பெயர்களைத்தான் 2007-இல் வந்த ‘சிவாஜி’ படத்தில் கரிபூசிய இரண்டு பெண்களுக்கு வைத்துச் சிரிக்கவைத்தார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. அந்தப் புறநானூற்றுப் பாட்டையும் இந்தச் சினிமாக் காட்சியையும் எதிரெதிர்ப் பக்கத்தில் ஒட்டு. பெண்ணின் உருவம் எப்படிக் கெடுகிறது என்பதும் உன் தொகுப்பில் இருக்கட்டும்.

சித்திரையில் கூவாகம் திருவிழாவுக்குப் போனால், கண்ணனே மோகினியாகி அரவானை மணந்த கதையைக் கேட்டுக்கொள். அன்று தாலி கட்டி மறுநாள் அறுக்கும் திருநங்கையரைக் கேட்காமல் படம் எடுக்காதே. வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லி நகர்ந்துவிடு.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. பட்டறையில் மெருகு போடாத அம்மனைப் பார். உளி போன தடம் தெரியும், அதை வரைந்துகொள்.

கல்வராயன் மலையில் பாட்டிகள் சொல்லும் கதைகளிலும் பெண்கள் இருப்பார்கள், படம் இருக்காது. வெள்ளிமலையிலிருந்து வரும் உன் தோழியோடு இந்த அரையாண்டு விடுமுறையிலேயே போய்க் கேள். கேட்டதை நீயே வரைந்து, சொன்ன பாட்டி சம்மதித்தால் அவர் பெயரையும் கீழே எழுது.

அன்புடன்,
உன் பெரியம்மா